உப்புக் குறைந்த விளையாட்டு மாவு

டிசம்பர் 22, திங்கள்

விடியும் முன்பே தூறல். துணி காயவில்லை. முழங்கால் வலி.

மகள் செல்வி ஷிப்டுக்குப் போகும் வழியில் பேரப்பிள்ளைகளை இறக்கிவிட்டாள். மித்ராவுக்கு ஆறு, கவினுக்கு நாலு. பள்ளி விடுமுறை முடியும் வரைதான் இங்கே. ஜனவரியிலிருந்து செனாவாங்கில் காசு வாங்கிப் பிள்ளை பார்க்கும் தாஸ்காவில் விடுவாளாம். இனி இந்தப் பக்கம் வரமாட்டார்கள். "உங்க வீட்டுல சும்மா டிவிதானப்பா பாக்குதுங்க." விடட்டும். வேலை பார்த்த எஸ்டேட்டை விற்று எங்களை வெளியே தள்ளியபோதே நான் சாகவில்லை.

போகிறபோது ஓர் உத்தரவு. விளையாட்டு மாவு பிசைந்து தரவேண்டும். போனில் ஒரு பெண் செய்து காட்டுகிறாள். கோதுமை மாவு, அதில் பாதி உப்பு, எண்ணெய், சாயம். விரலுக்குப் பலம் வந்தால் எழுத்து வருமாம். எனக்குப் பழைய பத்திரிகைக் காகிதத்தில் எழுத்து வந்தது. யாரும் மாவு பிசைந்து தரவில்லை.

டிசம்பர் 23, செவ்வாய்

வெயில்.

பிசைந்தேன். தின்னக்கூடாத மாவுக்கு அவ்வளவு உப்பா? ஒரு கைப்பிடி போட்டேன், போதும். சாயம் வாங்கவில்லை. மஞ்சள் தூள்.

மித்ரா: "தாத்தா, ரொட்டி சானாய் போடுறீங்களா?"

பிள்ளைகள் செய்தவை: பாம்பு, பர்கர், சக்கரமில்லாத மோட்டார் சைக்கிள். எல்லாம் பாம்பு மாதிரியே இருந்தன. பார்க்கச் சகிக்கவில்லை. மஞ்சள் மாவில் பர்கராம். ஓர் உருண்டையைக் கூம்பாகப் பிடித்து, வாய்க்காலோரத்து அருகம்புல்லைச் செருகி வைத்தேன்.

"சாமியா தாத்தா?"

"பிள்ளையாரு."

"நசுக்கக் கூடாதா?"

"தொடக்கூடாது. ஆத்துலதான் விடணும்."

மாலையில் கவின் மித்ராவின் பங்கைப் பிடுங்க வந்தான். அவள் இருந்த மாவையெல்லாம் கூம்பாகப் பிடித்தாள். ஒவ்வொன்றிலும் புல். "இப்ப எடு பாப்போம்! சாமிடா!"

அலமாரி முழுக்கப் பிள்ளையார். விளையாட ஒரு துளி மாவில்லை. கவின் அழுகை. மறுபடி பிசைய நான் என்ன கூலியா?

டிசம்பர் 24, புதன்

செல்வி வந்து அலமாரியைப் பார்த்தாள். எறும்பு வரிசை.

"என்னப்பா இது? குப்பையில போடுங்க. மாவுதானே லா."

மித்ரா வீடே அதிரக் கத்தினாள். "தாத்தா, சொல்லுங்க!"

சொன்னேன். குப்பையில் போடக்கூடாது.

"புள்ளைக்கு இதையா கத்துக்குடுக்குறீங்க? தாஸ்காவுல இப்படியெல்லாம் பண்ண மாட்டாங்க."

"அங்க ஆறு இருக்கா?"

பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. படித்து நல்ல வேலைக்குப் போனவளின் மரியாதை.

டிசம்பர் 26, வெள்ளி

மழை. செம்பனைத் தோட்டத்துக்குப் பின்னால் ஆறு கலங்கி ஓடுகிறது.

பிள்ளையார்கள் மேல் பச்சைப் பூஞ்சை. உப்புக் குறைவு என்பாள் செல்வி. மழை ஈரம்தான்.

காலையில் மேசையில் இரண்டு தட்டு அதிகமாக வைத்துவிட்டேன். எடுத்து வைத்தேன்.

மதியம் செல்வி போன். "பிள்ளையாரையெல்லாம் பத்திரமா வச்சிருக்கீங்களாப்பா? தாத்தா தூக்கிப் போட்டுருவாருன்னு மித்ரா ராத்திரியெல்லாம் அழுகை."

"உன்ன மாதிரியா நானு?"

"ஞாயித்துக்கிழமை வர்றோம், ஆத்துல விட. அப்புறம் புதுசா புடிக்கணுமாம், தாஸ்காவுக்குப் போக மாட்டாளாம். ஜனவரியிலயும் உங்ககிட்டயே விடவா?"

"விடு."

ரந்தாவ் டவுனுக்குப் போய் மாவு வாங்கவேண்டும். உப்பு ஒரு கைப்பிடிதான்.