தாழ்ப்பாள் போட்ட சோறு

24 ஏப்ரல், வியாழன்
அரிசி களைந்துகொண்டிருந்தேன். கோயில் குருவானவர் ஜெபசீலன் வந்தார். "ஆச்சி, பெண்கள் கூட்டத்துல நீங்க கட்டிப் பாடுதத எல்லாரும் சொல்லுதாங்க. அசனப் பண்டிகைக்கு உங்க பாட்டுதான். ஊரே ஒண்ணா உக்காந்து சாப்பிடும் முன்னால பாடணும். பகிர்ந்து உண்ணுததப் பத்தி இருக்கட்டும்" என்றார்.
எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவள் பாட்டு அசனத்திலா! களைந்த அரிசியையே மறுபடி களைந்திருக்கிறேன்.

25 ஏப்ரல்
வந்துவிட்டது! கடைசிச் சரணம்தான் உச்சம்:

தாழ்ப்பாள் போட்டுத் தின்ற சோறு
தேவன் வாசல் திறக்குமோ?
கூழே ஆனால் கூட இருந்து
குடித்தால் அவரும் இறங்குவார்!

27 ஏப்ரல், ஞாயிறு
கெட்டது காரியம். முன்னால் நின்று பாடப்போவது ஞானப்பூவாம். என் வீட்டுக்காரரின் அக்காள். மூத்தவன் கைக்குழந்தையாய் இருந்தபோது பசியோடு அவள் வாசலில் போய் நின்றேன். தட்டினேன், தட்டினேன் — தாழ்ப்பாளை எடுக்கவே இல்லை. நெத்திலிக் குழம்பு வாசம் மட்டும் வெளியே வந்தது. அன்றோடு பேச்சை நிறுத்தினேன். அந்தச் சரணமே அவளுக்குத்தானே!
"மைக் இல்லாம பந்தி முழுக்கக் கேக்குத தொண்டை அவங்களுக்குத்தான். அந்தச் சரணத்த மட்டும் மாத்துவோமா ஆச்சி?" என்கிறார் எங்கள் பகை தெரிந்த குருவானவர்.
மாத்த மாட்டேன். மாத்தவே மாட்டேன். பாட்டே போனாலும் சரி. — போயிருமோ?

30 ஏப்ரல்
சரணம் அப்படியே இருக்கட்டுமாம்; ஆனால் அவள் மறுத்தால் பழைய பாட்டுத்தானாம். நாளைக்கு அவளுக்கு நானே போய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டும். நானே!

1 மே
கடைசிச் சரணத்தை அவள் முகத்தைப் பார்த்தே பாடினேன். வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கினாள்.
"இது என்னையத்தான சொல்லுத?"
"ஆமா மதினி."
"அப்ப நான்தான் பாடணும். என்னைய வையுதத வேற எவளோ பாடவா? சுதிய ஏத்திப் பிடி ஏட்டி."

4 மே, ஞாயிறு
பாடிவிட்டாள்! கடைசிச் சரணத்தை விடாமல் திருப்பித் திருப்பி! சோறு அள்ளிக்கொண்டிருந்தவர்கள்கூட வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். என் பாட்டு!
கை கழுவும் இடத்தில் மெதுவாகச் சொன்னாள்: "அன்னைக்குச் சட்டில இருந்தது எம் பிள்ளைகளுக்கே பத்தலட்டி."
இருக்கட்டும். கதவத் திறந்து அதச் சொல்லியிருக்கலாம்லா?

7 மே
ஞானப்பூ வீட்டுக்கே வந்துவிட்டாள்.
"அடுத்த பாட்டு எதப்பத்தி?"
"யோசிக்கல."
"பகையப் பொத்திப் பொத்தி வளக்குதவளப் பத்தி இருக்கட்டும். அத நான் கட்டுதேன். நீ பாடு."
என்ன மெட்டு என்று கேட்டேன்.