தீர்த்தம் கலந்த டீசல்

2008 ஜூலை 15, செவ்வாய்

என் டீசலைக் கெடுத்தவள் என் மனைவிதான். யட்டவத்த ஊரில் வடைக்கடை வைத்திருக்கும் முத்தையா தந்த, வடை சுட்டு மிஞ்சிய பழைய எண்ணெயில், என் அரைவை மில்லுக்காக நானே காய்ச்சிய டீசல் மோர் மாதிரிக் கலங்கிக் கிடந்தது. எண்ணெயில் தண்ணீர் கலந்துவிட்டான் என்று அவனைக் கடை வாசலிலேயே திட்டிவிட்டு வந்தேன். இரவு சோறு போடும்போது இவள் சொல்கிறாள்:

"மிஷின் நிக்காம ஓடணும்னு கோயில் தீர்த்தம் ஒரு போத்தல் ஊத்துனேங்க. அம்மன் தண்ணிகூட ஆகாதா ஒங்க டீசலுக்கு?"

கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

நாளை மிளகாய் அரைக்க ஆட்கள் வருவார்கள். விடிந்ததும் டீசலை மெல்லச் சூடாக்கி நான் தண்ணீரைப் போக்க வேண்டும். முத்தையாவிடம் நடந்ததை அவள்தான் போய்ச் சொல்ல வேண்டும். நான் போகமாட்டேன். இனி எண்ணெய் தரமாட்டேன் என்று அவன் சொன்னால், எண்ணெயையும் அவளே கெஞ்சிக் கேட்டு வாங்கி வரட்டும்.