கார்பெட்டுக்கு அடியில்

மார்ச் 4, செவ்வாய்

இன்று மூன்று படகு. இடுப்பளவு தண்ணீரில் நின்றதில் முட்டி இரண்டும் விறைத்துப்போய்விட்டன. அண்ணன் வண்டியைப் பின்னால் எடுப்பான், நான் ஏரியில் இறங்கி நின்று படகை டிரெய்லர்மேல் ஏற்றுவேன். ஏழு வருஷமாக இதுதான் பிழைப்பு. ஒரு படகின் அடியிலாவது எங்களால் கீறல் விழுந்தது என்று யாரும் சொன்னதில்லை.

படகு வந்து உட்காரும் இரண்டு நீளக் கட்டைகளில் சுற்றிய கார்பெட் நைந்துவிட்டது. வலது பக்கம் போல்ட்டின் தலை கையில் இடறியது. அண்ணனிடம் காட்டினேன். "இந்த வாரமே மாத்திடறேன், நீ விடு" என்றான்.

இடது கண் கொஞ்சம் மங்கலாக இருக்கிறது என்றும் அவனிடம் சொன்னேன். யாரிடமும் சொல்லாதே என்றேன். கண் சரியில்லாதவளிடம் யார் படகைக் கொடுப்பார்கள்?

மார்ச் 8, சனி

"கார்பெட் மாத்திட்டியா?" "ஆச்சு."

மார்ச் 9, ஞாயிறு

பல் டாக்டரின் வெள்ளைப் படகு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஆசை ஆசையாக வாங்கியது. ஏரியில் இறக்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

நான் வருவதற்குள் டிரெய்லர் பாதி தண்ணீருக்குள் போய்விட்டது. சக்கரத்து மேல்தகரம் மூழ்கியதும் கையைக் காட்டினேன், நிறுத்தினான். அதற்குமேல் ஆழம் போனால் படகு மிதந்து கோணிக்கொள்ளும், ஆழம் குறைந்தால் அடி உரசும். பக்கத்திலிருந்து லேசாகக் காற்று. படகை நேராகப் பிடித்து, முன்மூக்கில் பட்டையை மாட்டி, அதைச் சுருட்டி இழுக்கும் வின்ச்சைச் சுற்றினேன். பாதி ஏறியிருக்கும். கரகரவென்று ஒரு சத்தம். சுற்றுவதை நிறுத்தினேன்.

மேலே இழுத்துப் பார்த்தால் வலது பக்க அடியில் ஒரு முழ நீளத்துக்குக் கிழிசல். பூச்சு போய் உள்ளே நார் தெரிகிறது. டாக்டர் குந்தி உட்கார்ந்து பார்த்தார்.

அண்ணன் என் காதோரம் மெதுவாகச் சொன்னான்: "பின்பக்கம் கோணிடுச்சு. உனக்குத் தெரியலையா?"

தெரியவில்லையோ? நேராகத்தானே பிடித்தேன்?

மார்ச் 10, திங்கள்

வேலைக்குப் போகவில்லை. சாயங்காலம் அண்ணன் பழம் வாங்கிக்கொண்டு வந்தான். "டாக்டர்கிட்ட பேசிட்டேன். உன் கண்ணு விஷயத்தைச் சொன்னதும் அவரு திட்டல. பாவம்னுட்டாரு. கொஞ்ச நாள் தண்ணியில இறங்காத" என்றான்.

சொல்லாதே என்றேனே என்று வாய் வரைக்கும் வந்தது. படகைக் கிழித்துவிட்டு எந்த முகத்தோடு கேட்பது? நல்லவேளை, அண்ணன் இருக்கிறான்.

மார்ச் 13, வியாழன்

கண் டாக்டர் இடது கண்ணில் புரை ஆரம்பம் என்றார். வலது கண் நன்றாக இருக்கிறதாம். "எதிர்ல இருக்கிற படகு தெரியாத அளவுக்கெல்லாம் இல்லம்மா" என்று சிரித்தார். எனக்கு ஆறுதல் சொல்கிறார் போலிருக்கிறது.

மார்ச் 15, சனி

டீக்கடைக்காரர்: "கண்ணு இப்ப எப்படி இருக்குக்கா?" ஊருக்கே தெரிந்திருக்கிறது.

மார்ச் 18, செவ்வாய்

ரோட்டைக் கடக்க அரை மணி நேரம் நின்றேன். வருவது பஸ்ஸா, தூரத்தில் இருக்கிறதா, பக்கத்திலா — எதையும் நம்ப முடியவில்லை. ஊசியில் நூல் ஒரே தடவையில் நுழைந்துவிட்டது. அதையும் நம்ப முடியவில்லை.

மார்ச் 22, சனி

படகைச் சரிசெய்கிற ஃபைபர்காரர் வரச்சொல்லி ஆள் அனுப்பினார். போனேன். படகைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்.

"கோணி ஏறியிருந்தா கீறல் சாய்வா வரும்க்கா. இதைப் பாருங்க. ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி நேரா இருக்கு. கீழ ஏதோ இரும்பு நீட்டிட்டு நின்னிருக்கு. நீங்க நேராத்தான் ஏத்தியிருக்கீங்க. உங்ககிட்ட இதைச் சொல்லணும்னு தோணுச்சு."

அங்கிருந்து நேரே அண்ணன் வீட்டுக்கு நடந்தேன். அவன் இல்லை. வாசலில் டிரெய்லர். இடது கட்டையில் அதே பழைய கார்பெட். வலது கட்டையில் புதுசு, ஆணியெல்லாம் பளபளவென்று.

அண்ணி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "இது எப்ப மாத்தினது அண்ணி?"

"அந்தப் படகு கிழிஞ்சுதே, அன்னிக்குச் சாயங்காலம்தான். மழையில நனைஞ்சுக்கிட்டே உக்காந்து அடிச்சாரு. நாளைக்குப் பாத்துக்கலாமேன்னேன், கேக்கல. ஏன், என்ன ஆச்சு?"

ஒன்றும் இல்லை என்றேன். காப்பி போடுகிறேன் என்றாள். நிற்காமல் வந்துவிட்டேன்.

எப்போதும் தண்ணீருக்குள் போகும் முன் கட்டையை நானே தடவிப் பார்ப்பேன். அன்றைக்குத் தாமதமாகப் போனேன், பார்க்கவில்லை. ஆச்சுன்னு சொன்னானே. என் அண்ணன்தானே சொன்னான்.

மார்ச் 23, ஞாயிறு

கேட்டுவிட்டேன். மறுப்பான் என்று நினைத்தேன். மறுக்கவில்லை.

"ஆமா, மாத்தல. மறந்துட்டேன். நீ நச்சரிக்கிறியேன்னு ஆச்சுன்னுட்டேன்."

"என் கண்ணை எதுக்கு இழுத்த?"

"டாக்டர் எப்படி ஆச்சுன்னு கேட்டு நின்னாரு. வண்டி, டிரெய்லர் எல்லாம் என் பேர்ல இருக்கு. என் பேரு கெட்டா ரெண்டு வீடும் தெருவுக்கு வந்துடும். உன் பேரு கெட்டா நான் இருக்கேன்ல, பாத்துக்க மாட்டேனா?"

எவ்வளவு யோசித்து வைத்திருக்கிறான். பாத்துக்குவானாம்.

பழியை என் தலையில் போட்டதைக்கூட விடு. பயத்தில் ஒரு பொய், சரி. ஆனா என்கிட்டயே ஏன்டா சொன்ன? உனக்குத் தெரியலையான்னு என் காதுல வந்து கேட்டியே? ரெண்டு வாரமா நான் ரோட்டுல நடுங்கிட்டு நிக்கறேன், நீ பழம் வாங்கிட்டு வர்ற. எதிர்ல உக்காந்து உரிச்சும் குடுத்த.

இதையெல்லாம் அவனிடம் சொல்லவில்லை. இங்கேதான் எழுதுகிறேன். அவனிடம் "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 25, செவ்வாய்

பல் டாக்டரைப் பார்த்தேன். நான் வாயைத் திறக்கும் முன்பே, "உங்க அண்ணன் மாதிரி ஒருத்தர் கிடைக்க நீங்க குடுத்துவெச்சிருக்கணும். உங்களைப் பத்திப் பேசும்போது கண்ணு கலங்கிட்டாரு" என்றார்.

ஃபைபர்காரர் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் கிழிசலில் விரலை வைத்து ஒரு முனையிலிருந்து மறு முனை வரை மெல்ல ஓட்டினார். கண்ணை மூடிக்கொண்டார். காலமெல்லாம் வாய்க்குள் கைவிட்டுத் தடவிப் பார்த்த விரல்.

"ஒரே முனை. நகராம நின்னு கிழிச்சிருக்கு" என்றார். விரலை எடுத்துவிட்டு, "நான் உங்களைத் திட்டவே இல்லையேம்மா" என்றார்.

"திட்டியிருக்கலாம் டாக்டர். பாவம்னு விட்டீங்க பாருங்க, அதுதான் தாங்கல."

மார்ச் 30, ஞாயிறு

அண்ணன் நாலு தடவை போன் செய்தான். எடுக்கவில்லை.

ஏப்ரல் 19, சனி

டாக்டர் சொந்தமாக டிரெய்லர் வாங்கிவிட்டார். படகை நான்தான் ஏற்ற வேண்டும் என்றார். வண்டி ஓட்ட, பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற அக்காவைப் பிடித்தேன். சனி, ஞாயிறு அவருக்கு லீவு.

"நீங்க பாத்துட்டேன்னு சொன்னாலும் நான் மறுபடி தடவிப் பாப்பேன்க்கா, தப்பா எடுத்துக்காதீங்க" என்றேன். "என் பஸ்ஸுல டயரை வேற யாராவது பாத்துட்டேன்னா நான் விட்டுடுவேனா?" என்றார்.

கட்டை, போல்ட், உருளை எல்லாம் தடவினேன். கார்பெட்டை நனைத்தேன், காய்ந்திருந்தால் அடியைப் பிடித்து இழுக்கும். டாக்டர் இஞ்சின் வேகத்திலேயே ஏற்றிவிடலாமே என்றார். கூடவே கூடாது என்று இஞ்சினைத் தூக்கிக் கட்டிவிட்டு, வின்ச்சில் சுற்றினேன். மேலே வந்ததும் மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். ஒரு கோடு இல்லை.

மே 4, ஞாயிறு

இப்போது எனக்கும் பஸ் அக்காவுக்கும் ஏற்றி இறக்க ஐந்து படகு. அண்ணன் ஏரிக்கரைச் சரிவின் இடது ஓரத்தில் வேலை செய்கிறான், நாங்கள் வலது ஓரத்தில். தண்ணீரில் நிற்க யாரையோ வைத்திருக்கிறான். ஒரே சரிவில் யாரோ எவரோ மாதிரி நின்று பழகிவிட்டோம், பார்த்துக்கொள்வதில்லை.

இன்று காலை நல்ல காற்று. அவன் ஆள் பட்டையை மாட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டான். படகின் பின்பக்கம் காற்றில் ஒதுங்கி, கட்டையை விட்டு விலகுவது இங்கிருந்தே தெரிந்தது. அண்ணன் கவனிக்காமல் வண்டியை மேலே எடுக்கத் தொடங்கினான். இன்னும் ஒரு அடி நகர்ந்திருந்தால் படகின் அடிப்பாகம் பிளந்திருக்கும்.

என்னை அறியாமல் கத்திவிட்டேன். பிறந்ததிலிருந்து கூப்பிட்ட வார்த்தை வாயில் வரவில்லை.

"டிரைவர், நிறுத்துங்க" என்றுதான் வந்தது.

அவன் நிறுத்தினான்.