அம்மனுக்கு முதுகு காட்டப் போகிறோம், அப்பா

என் அன்பான அப்பாவுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எனக்குச் சாதகமானதை மட்டும் சொல்லி மற்றதை விழுங்கிவிடுவேன் என்று நீங்கள் என்னைக் கேலி செய்வீர்களே, இந்த முறை அப்படியில்லை. நான் செய்த தந்திரத்தையும் எழுதுகிறேன். உங்கள் பேச்சை மீறியதையும் எழுதுகிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அம்மன் கோயில் திருவிழாக் கோப்பையின் கால்பந்து இறுதி ஆட்டம். நம் தோட்டத்து மைதானத்தில்தான். எதிரணி யார் என்று கேட்கிறீர்களா? தெல்தெனிய ஹார்ட்வெயார் கடை முதலாளியின் அணிதான். வேறு யார் வருவார்கள்?

போன வருடம் கடைசி விசில் ஊதியதும் அவர் உங்கள் தோளில் கை போட்டு, மைதானம் முழுவதும் கேட்கும்படி சொன்னது எனக்கு மனப்பாடம். "என்ன தலைவரே, மலையிலயே பொறந்து வளந்த ஆளுங்க, மேல ஏறத் தெரியலையே!" அவருடைய பையன்கள் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். பிறகு தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் லயத்து வீட்டுக்கு நடந்தீர்கள்.

அடுத்த ஐந்து மாதத்தில் போய்விட்டீர்கள். மாரடைப்பு என்றார் டொக்டர். அந்தச் சிரிப்பு உங்களைக் கொல்லவில்லை என்று எனக்குத் தெரியும், விஞ்ஞானத்தில் நான் கெட்டிக்காரிதானே. ஆனாலும் அந்த மனிதரை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை.

உங்கள் உடுப்புகளை அம்மா ஒதுக்கியபோது அலுமாரியின் அடித்தட்டில் உங்கள் கொப்பி அகப்பட்டது. ஆடிய ஆட்டம் எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறீர்கள். யார் கோல் அடித்தார், எந்த நிமிடத்தில், மழையா வெயிலா என்றுகூட. எதையும் எழுதி வைக்கும் புத்தி எனக்கு எங்கிருந்து வந்தது என்று அன்றுதான் தெரிந்தது. வரலாற்றுப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்து மூன்று நாள் வாசித்தேன். அந்த அணியிடம் நாம் நான்கு முறை தோற்றிருக்கிறோம். நான்கு முறையும் இடைவேளை வரை நாம்தான் முன்னால். வாங்கிய கோல்கள் அத்தனையும் இரண்டாம் பாதியில். உங்கள் கையெழுத்திலேயே இருக்கிறது. நீங்கள் இதைக் கவனிக்கவில்லையா? இல்லை, கவனித்தும் விட்டுவிட்டீர்களா?

நம் மைதானம் கோயில் பக்கமாகச் சரிந்தது. மேல் கோலுக்கும் கீழ் கோலுக்கும் ஓர் ஆள் உயர வித்தியாசம். வீட்டு அணி என்பதால் இந்தக் கோப்பையில் எந்தப் பக்கம் என்பதை நாம்தான் எடுப்போம். நீங்கள் எப்போதும் ஒன்றையே எடுத்தீர்கள். "அம்மனுக்கு முதுகக் காட்டிக்கிட்டு ஆட்டத்த ஆரம்பிக்கக் கூடாதுடா." அதனால் கோயிலைப் பார்த்தபடி, இறக்கத்தில், சந்தோஷமாகத் தொடங்குவோம். கால் சோர்ந்த பிறகு மேட்டில் ஏறுவோம். முதலாளியின் ஆட்கள் முதல் பாதி முழுவதும் மூச்சைச் சேர்த்து வைத்துக்கொண்டு நமக்காகக் காத்திருப்பார்கள்.

அண்ணாவிடம் சொன்னேன். இப்போது அவன்தான் கெப்டன். "பக்கத்த மாத்தணும்ணா."

"அப்பா சொன்னத மாத்தச் சொல்றியா? அவரு போயி இன்னும் வருசம் திரும்பல" என்றான். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பிறகு போன சனிக்கிழமை கோப்பைக் கமிட்டி கூடியது. என் எழுத்து அழகு என்பதால் கூட்டக் குறிப்பு எழுத என்னை உட்கார வைத்தார்கள். முதலாளி தன் வேனில் வந்தார். எல்லோருக்கும் மீன் வைத்த மாலு பணிஸ் கொண்டுவந்திருந்தார். அதைப் பங்கிட்டு முடித்ததும் தொண்டையைச் செருமினார்.

"கொள்ளி வச்ச புள்ள, வருசம் திரும்பாம அம்மன் காரியத்துல நிக்கலாமா? நான் சொல்லலீங்க, மொறை சொல்லுது. தம்பி இந்த வருசம் வெளிய ஒக்காரட்டும், பாவம்."

பாவம் என்றார், அப்பா! அண்ணாவின் இடது கால் இல்லையென்றால் நம் அணியில் பாதி இல்லை என்று அவருக்குத் தெரியும். உங்கள் சாவையே தன் பக்கத்துப் பன்னிரண்டாவது ஆளாக இறக்கப் பார்த்தார். அண்ணா தலையைக் குனிந்துகொண்டான். என் பேனா கொப்பியைக் கிழித்துவிட்டது.

பூசாரி மாமா அவசரப்படவில்லை. "கோயிலுக்குள்ள வரக் கூடாது. அம்மன் முகத்துக்கு நேரா நிக்கக் கூடாது. பந்து அடிக்கக் கூடாதுன்னு நான் கேள்விப்பட்டதில்ல."

அப்போதுதான் எனக்குள் ஏதோ விழித்தது. எழுந்து நின்றேன். "அப்ப ஆட்டம் தொடங்குறப்ப பூசை நடக்குமே, நடை தொறந்துதானே இருக்கும்? அண்ணா கோயிலப் பாத்து நிக்கலாமா மாமா?"

அவர் யோசித்தார். "நிக்கக் கூடாது. நடை சாத்துற வரைக்கும் முதுகக் காட்டித்தான் நிக்கணும்."

"எப்ப சாத்துவீங்க?"

"எடைவேளைக்கு முன்னாடி சாத்திருவேன்."

அண்ணாவை வெளியே உட்கார வைக்க முடியவில்லை, ஆனால் எதிலோ ஒன்றில் நம்மைக் குனிய வைத்தாயிற்று என்ற திருப்தி முதலாளிக்கு. "அதான் மொறை! நல்லா எழுதிக்கம்மா" என்றார். நன்றாகவே எழுதினேன். 'முதற் பாதியில் தோட்ட அணி கோயிலுக்கு முதுகு காட்டி ஆடும். இரண்டாம் பாதியில் பக்கம் மாறும்.' உரக்க வாசித்தும் காட்டினேன். தன் சொந்தப் பேனாவால் கையெழுத்து வைத்தார். இன்னொரு பணிஸைக் கடித்துக்கொண்டே வேனில் ஏறினார். வேன் தேயிலை வளைவில் மறைந்த பிறகு அண்ணா என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"அடிப்பாவி" என்றான். இரண்டு நாளுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

இனித் திட்டத்தைச் சொல்கிறேன். அவர்களுடைய அரையிறுதியை வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். அவர்களுடைய ஐந்தாம் இலக்கத் தடியன் மேட்டில் மூன்று முறை ஓடினால் இடுப்பில் கை வைத்துவிடுகிறான். கோல் காவலன் பந்தைக் கண்டதும் முன்னால் பாய்வான், பின்னால் நகரத் தெரியாது. ஆகவே முதல் பாதியில் நாம் கோலைத் தேட மாட்டோம். ஒன்பது பேர் கீழே அடைத்து நிற்பார்கள். அண்ணா ஒரு மூலையில் சும்மா நடப்பான். அவனை விடாமல் ஒட்டிக்கொள்ளும் இரண்டு பேரும் அவனோடு சும்மா நடக்கட்டும். நடை சாத்திப் பக்கம் மாறியதும் எல்லாம் இறக்கம். தடியனுக்கு அருகில் பந்தைத் தள்ளி அவனை மேட்டில் ஏறி ஓட விட வேண்டும். காவலன் முன்னால் வந்ததும் அண்ணா இடது காலால் அவன் தலைக்கு மேலே தூக்கிப் போட வேண்டும்.

முதல் பாதியில் பந்து தேயிலைக்குள் போனால் அவசரமாக எடுக்கக் கூடாது என்றும் எழுதி, மண்டபத்தில் கூடிய நம் பையன்களுக்கு வாசித்துக் காட்டினேன். 'பாம்பு இருக்கலாம் என்று சொல்லவும்.'

"பொய் சொல்லச் சொல்றியா?" என்றான் அண்ணா.

"இருக்கலாம்னுதானே சொல்றோம். இல்லன்னு நீ சத்தியம் பண்ணுவியா?"

பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உங்களுக்குப் பிறகு அந்த மண்டபத்தில் கேட்ட முதல் பெரிய சிரிப்பு அது.

ஆனால் அப்பா, ஒன்று என்னைக் குடைகிறது. அவர் உங்கள் தீட்டைக் காட்டி அண்ணாவை வெளியேற்றப் பார்த்தார். நான் அதே தீட்டைப் பிடித்து உங்கள் சொல்லையே மாற்றிவிட்டேன். இரண்டும் ஒன்றுதானா? அம்மன் கோபித்தால் சமாளித்துக்கொள்வேன். நீங்கள் கோபித்தால் என்ன செய்வது? அண்ணாவைத் திட்டாதீர்கள். முதுகைத் திருப்பச் சொன்னது நான்தான், அந்தப் பழி என் தலையில் இருக்கட்டும். ஆனால் உங்கள் கொப்பியில் ஐந்தாவது தோல்வியை என் கையால் எழுத என்னால் முடியாது. அது மட்டும் முடியாது.

இன்று காலை கொழுந்து பறிக்கப் புறப்படும்போது அம்மா சொன்னார்: "ஜெயிச்சாப் போதும்டி. ஊரு தேடி வந்த மனுசன், ரொம்பக் கேவலப்படுத்திராதீங்க." நான் சரி என்று தலையாட்டினேன். அது பொய். இரண்டாம் பாதியில் கீழ் கோலுக்குப் பின்னால், முதலாளி உட்காரும் கதிரைக்குப் பக்கத்தில் நிற்பேன். அண்ணா ஒன்று போட்டதும் என்னைப் பார்ப்பான். இரண்டாவதுக்குப் பிறகும் பார்ப்பான், போதுமா என்று. போதும் என்று நான் சைகை காட்ட மாட்டேன். மூன்றுக்கும் காட்ட மாட்டேன், நான்குக்கும் காட்ட மாட்டேன். இது உங்கள்மேல் சத்தியம், அப்பா.

இதை வாசிகசாலையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பொறுப்பாளர் அக்கா சாவியை இரண்டு தரம் குலுக்கிவிட்டார்.

சொல் கேளாத உங்கள் சின்ன மகள்,
நிரோஷினி

லைட்டை அணைத்துவிட்டார்கள்.