உப்பளத்து வரப்பில் என் ஓட்டம்

பங்குனி 2, சனி

மேகம் இல்லை. கடல் காற்று நன்றாக அடித்தது. முட்டி வலி குறைவு. கேழ்வரகுக் கஞ்சி, சர்க்கரை மாத்திரை ஆயிற்று.

காலையில் வரப்பில் ஓட்டம். பெரிய பாத்திகளைச் சுற்றி, மடை தாண்டி, உப்புக் குவியல் வரை. வேர்த்தது. நல்ல வேர்வை.

உப்பு வாரும் வேலையை முட்டிக்காக விட்டபின் வீட்டிலேயே உட்கார்ந்திருந்ததில் கால் மரத்துப் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் நடக்கச் சொன்னார்கள். நடந்தேன். ஒரு நாள் காற்று முதுகில் தள்ள, கால் தானாக ஓடியது. வெட்கமாக இருந்தது. சிரிப்பும் வந்தது. அதிலிருந்து தினமும் ஓட்டம்தான். ராத்திரி தூக்கம் வருகிறது. மருமகள்மேல் கோபம் குறைந்திருக்கிறது (அவளே சொன்னாள்).

எனக்கு ஓட இந்த வரப்பை விட்டால் இடம் கிடையாது. ஈ.சி.ஆர். ரோட்டில் பஸ். தெருவில் நாய். கடற்கரை மணலில் கால் புதையும். மேஸ்திரி ஏழுமலை என்னை ஓட விடுவது பெரிய விஷயம். வேறு யாரையும் வரப்பில் ஏற விடமாட்டான். "அஞ்சலக்காவுக்கு எங்க கால் வெக்கணும்னு தெரியும்" என்பான்.

வாங்க வேண்டியது: துணி சோப்பு, புளி.

பங்குனி 3, ஞாயிறு

பேத்தி நிவேதா வந்தாள். பாண்டிச்சேரியில் துணிக்கடையில் வேலை. பை நிறையச் சாமான். எனக்கு ஷூ, கையில் கட்ட ஒரு வாட்ச். அது மணி மட்டும் காட்டும் வாட்ச் இல்லை. ஓட்டம் மெதுவானால் கையில் சுருக்கென்று அதிரும்.

"ஆயா, பாண்டி பீச்சுல ஓட்டம் வெக்கிறாங்க. வர்ற வாரம் இல்ல, அடுத்த ஞாயித்துக்கெழம. அறுவது வயசுக்கு மேல லேடீஸுக்குத் தனியா. உன் பேரு குடுத்துட்டேன்."

"என்னக் கேக்காமயா?"

"கேட்டா வேணாம்னு சொல்லுவ. நீ ஓடுறத நான் பாத்திருக்கேன் ஆயா. நீதான் ஃபர்ஸ்ட்டு."

ஃபர்ஸ்ட்டு என்றதும் மனசு குளிர்ந்தது. அதை மறைப்பானேன். சாயங்காலம் குழாயடியில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். ஜெயித்துவிட்டு வருவேன் என்றே சொன்னேன்.

பங்குனி 6, புதன்

புழுக்கம். காற்று இல்லை.

வாட்ச் கட்டி ஓடுவது மூன்றாம் நாள். நேற்றைவிட மெதுவாம். அதிர்ந்துகொண்டே இருந்தது. ஷூவுக்குள் கால் வெந்தது. மூச்சு மேலே மேலே வாங்கியது. நின்று தண்ணீர் குடிக்கவில்லை. நின்றால் கணக்கில் வருமாம்.

உப்பு வாரிக்கொண்டிருந்த பச்சையம்மா பலகையை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தாள். நானும் அவளும் ஒரே வருஷம் அளத்துக்கு வந்தவர்கள்.

"ஏ அஞ்சல, யாருடி உன்னத் தொரத்துறது?"

"பந்தயம் இருக்குதுடி."

"முன்னெல்லாம் என்னாண்ட நின்னு ரெண்டு வார்த்த பேசிட்டுப் போவ. இப்ப மூஞ்சியக்கூடக் காட்ட மாட்டேன்ற. அந்தக் கடியாரம் ஓடுது, நீ அதும் பின்னால ஓடுற."

மூச்சு வாங்க, கையை மட்டும் ஆட்டிவிட்டு ஓடினேன்.

பங்குனி 9, சனி

தூக்கம் சரியில்லை. கனவிலும் கை அதிர்ந்தது. குதிகாலில் கொப்புளம். மருமகள்மேல் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். குழம்பில் உப்பு குறைவு என்றேன். சரியாகத்தான் இருந்தது.

நிவேதா போன். "எவ்ளோ நேரம் வந்துது ஆயா?" சொன்னேன். "இன்னும் கொஞ்சம் கொறைக்கணும்." சரி என்றேன். குறைப்பேன்.

பங்குனி 12, செவ்வாய்

எழுதவே கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

காலையில் மடைப் பக்கம் வரப்பு ஈரம். நேற்றுத்தான் அந்தப் பாத்தியில் இன்னும் தண்ணீர் ஏற்றியிருந்தார்கள். ஈர வரப்பில் நடுவில்தான் போக வேண்டும், முன்னங்காலால், குதிகால் பதியாமல். வேலைக்கு வந்த முதல் நாளே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அது. எனக்கு அது தெரியாதா?

கை அதிர்ந்தது. மூலையைச் சுற்றாமல் ஓரமாகத் தாண்டினேன். ஷூவின் குதி கடித்து ஒரு கட்டி மண் சரிந்தது. சரிந்தது காலுக்குத் தெரிந்தது. நிற்கவில்லை. வாட்சுக்காக நிற்கவில்லை.

ஒரு சுற்று முடித்துத் திரும்பி வருவதற்குள் பச்சையம்மா கத்துகிறாள். சரிந்த இடம் அறுத்துக்கொண்டு, முற்றின உப்புத் தண்ணீர் எல்லாம் பக்கத்தில் இன்னும் முற்றாத பச்சைத் தண்ணீர்ப் பாத்திக்குள் ஓடிப்போச்சு. அடியில் பூத்திருந்த உப்பும் கலங்கிச் சேறாச்சு. இத்தனை நாள் வெயிலில் காய்ச்சியது.

ஏழுமலை சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

"வேற யாராச்சும்னா கேட்டிருப்பேன். உன்ன இன்னாத்தச் சொல்றது, அக்கா? இனிமே வரப்புல ஏறாத."

சரி என்று சொல்லவில்லை. தலையும் ஆட்டவில்லை. வந்துவிட்டேன்.

வரப்பு இல்லாவிட்டால் மறுபடியும் வீட்டு மூலைதான். மரத்த கால்தான். அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். உடைத்தவள் நான். கட்டப்போகிறவளும் நான்.

பங்குனி 13, புதன்

விடியுமுன் கூடையும் மண்வெட்டியுமாகப் போய்விட்டேன். வெறுங்காலுடன். வாட்ச் அலமாரியில், நிவேதாவின் பழைய பட்டுப்பாவாடைக்கு அடியில்.

ஏழுமலை வந்து பார்த்தான். "ஏறாதன்னு சொன்னேன்ல?"

"ஓடுறதுக்குத்தான் ஏறாதன்ன. ஒடைச்சதக் கட்டுறதுக்கு உன்னக் கேக்கணுமா?"

என் மண்வெட்டியை ஒரு முறை பார்த்தான். போய்விட்டான்.

களிமண் வெட்டிப் போட்டு மிதித்தேன். ஒற்றை ஆள் மிதி பிடிக்கவில்லை. இங்கே அமுக்கினால் அங்கே பிதுங்கும். பச்சையம்மாவும் இன்னும் ரெண்டு பெண்களும் கேட்காமலே ஏறி நின்றார்கள். தை மாசம் பாத்தித் தரையை மிதிப்பதுபோல வரிசை கட்டி, இடுப்பில் கை போட்டு, ஒரே தாளம். பழக்க தோஷம், என் கால் முன்னே போயிற்று. பச்சையம்மா இடுப்பில் கிள்ளினாள்.

"முன்னால போவாதடி! நீ முன்னால போனா அங்க பள்ளம், எங்களாண்ட மேடு. மறந்துட்டியா?"

"மறக்கல."

"பின்ன இன்னா, மிதிக்கிறதுக்கும் கப்பு குடுக்கிறாங்களா?"

எல்லாரும் சிரித்ததில் தாளம் தப்பியது. மறுபடி முதலிலிருந்து. வேர்த்தது. மூச்சு வாங்கவில்லை. பேசிக்கொண்டே மிதித்தோம். வேர்வை கண்ணில் இறங்கியபோது அடையாளம் தெரிந்தது. அந்தப் பழைய நல்ல வேர்வை. பத்து நாளாகக் காணாமல் போயிருந்தது.

பங்குனி 15, வெள்ளி

நல்ல வெயில். வரப்பு காய்கிறது. தட்டிப் பார்த்தேன், சத்தம் கெட்டியாக வருகிறது.

ஏழுமலை தூர நின்று சொன்னான்: "ஞாயித்துக்கெழம காலையில தண்ணி உட்டுப் பாக்கணும். கசிஞ்சா மறுபடியும் நீதான் மிதிக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் பாண்டியில் ஓட்டம்.

நிவேதாவிடம் போனில் சொன்னேன். வரவில்லை என்று.

"ஆயா! கடையில எல்லாராண்டயும் சொல்லிட்டேன்!"

"நானும் கொழாயடியில சொல்லிட்டேன்."

"அசிங்கமா இருக்காதா உனக்கு?"

"இருக்கும். ரெண்டு நாள் இருக்கும்."

"ஃபர்ஸ்ட்டு வருவ ஆயா..."

"வேணாம் கண்ணு. இத ஓடுறதுக்குள்ள எனக்கு ஓடவே பிடிக்காம போயிடும்போல இருக்குது."

போனை வைத்துவிட்டாள். கோபம். என் ரத்தம்தானே, கோபம் வராமல் இருக்குமா.

குழாயடிக்குப் போய் நானே சொன்னேன். அவர்களாகக் கேட்கும்வரை காத்திருக்கவில்லை. "பயந்துட்டியா அஞ்சல?" என்றாள் ஒருத்தி. "ஆமா, வரப்பு ஒடஞ்சிடும்னு" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. குடம் நிறைந்தது. வந்துவிட்டேன்.

பங்குனி 17, ஞாயிறு

காற்று. லேசான மேகம், பிறகு இல்லை.

ஏழுமலை வரப்பு ஓரத்தைக் கட்டைவிரலால் அமுக்கி அமுக்கிப் பார்த்தான். மடையைத் திறந்தான். தண்ணீர் ஏறியது. நான், பச்சையம்மா, அவன். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். மிதித்த இடம்வரை வந்தது. நின்றது. அந்தப் பக்கம் கை வைத்தேன். காய்ந்த மண்.

"நிக்குது" என்றான். பிறகு, என்னைப் பார்க்காமலே: "ஆளு போனா தாங்குதான்னும் தெரியணும். ஓடு பாக்கலாம்."

சேலையைச் செருகினேன். வெறுங்கால். நடு வரப்பு. முன்னங்கால். அந்த இடத்தில் வேகம் குறைத்தேன். கையில் எதுவும் அதிரவில்லை. குவியல் வரை போனேன். பாத்தி முழுக்க வானம். ஒரு கொக்கு, என்னைவிட மெதுவாக.

திரும்பும்போது பச்சையம்மாவிடம் நின்று ரெண்டு வார்த்தை பேசினேன். அவள் மருமகனுக்கு வேலை கிடைத்துவிட்டதாம்.

வீட்டுக்கு வந்ததும் நிவேதா போன். குரல் இன்னும் உப்பித்தான் இருந்தது.

"இன்னா பண்ண காலையில?"

"ஓடனேன்."

"எவ்ளோ ஸ்பீடு?"

"பேசிக்கிட்டே ஓடுற ஸ்பீடு."

மூக்கால் சிரித்தாள். வாட்சை அவளே கட்டிக்கொள்ளப் போகிறாளாம். கட்டட்டும்.

ஏழுமலை மடையைச் சாத்தவில்லை, நாளைக்கும் தண்ணீர் கட்டுகிறான். நாளைக்கும் ஓட வேண்டும். காலில் எண்ணெய் தடவ வேண்டும். துணி சோப்பு இன்னும் வாங்கவில்லை.