அக்காவுக்குப் பிறந்த வீட்டுப் புடவை

ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை இரவு.

படுத்தும் தூக்கம் வரவில்லை.

சாயங்காலம் வழக்கம்போல பேஸ்புக் லைவில் பட்டுப் புடவைகளை விரித்துக் காட்டி, பார்க்கிறவர்களைக் கிண்டல் செய்துகொண்டே விற்றேன். பச்சைப் புடவையை எடுத்தபோது, வருகிற கேள்விகளைப் படித்துச் சொல்லும் என் மனைவி சிரித்துவிட்டாள்.

"என்னாங்க, யாரோ ஒரு அம்மா, 'டேய் மொட்டை, பச்சை எனக்கு எடுப்பா இருக்குமா? என்னா விலை?'ன்னு கேட்டுகினு இருக்காங்க."

என்னை அப்படிக் கூப்பிடுவது சாந்தி அக்கா ஒருத்திதான். அப்பாவுக்குப் பிடிக்காதவரைக் கட்டிக்கொண்டு ஊரை விட்டுப் போனவள். இருபது வருஷமாக எங்கே இருக்கிறாள் என்றே தெரியாது. எந்த விசேஷத்துக்கும் நாங்கள் அவளுக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுத்ததில்லை.

அத்தனை பேரும் பார்க்கச் சத்தமாகச் சொன்னேன். "இது விக்கறதுக்கு இல்லீங்க. எங்க அக்காவுக்குப் பொறந்த வீட்டுப் புடவை. அக்கா, அட்ரஸ் அனுப்பு, நாளைக்கே பார்சல் போடறேன்."

பச்சையை ஓரமாக வைத்துவிட்டு, அடுத்ததாக ஒரு அரக்குச் சிவப்புப் புடவையை விரித்தேன். அப்போது மனைவி அக்காவின் பதிலைப் படித்தாள்.

"பார்சல்லயா வரும் பொறந்த வீட்டுப் புடவை? நேர்ல வரேன், தட்டுல வெச்சுக் குடுடா. பச்சை வேணாம், அந்த அரக்கை எடுத்து வை."

அதற்கப்புறம் அந்த அரக்கை மூன்று பேர் கேட்டார்கள். மூன்று பேரிடமும், "அது எங்க அக்காவோடதுங்க" என்றேன்.