ஆள் கூப்பிடாத குளிர்காலம்

நவம்பர் 6, புதன்

காலையில் எழுந்தபோது வீடு ஐஸ் பெட்டி. நிலவறையில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் நின்றுபோயிருந்தது. வெளியே மைனஸ் பதினெட்டு. பொத்தானைத் தட்டினால் பற்றுகிறது, நீல நெருப்பு சில நொடி நிற்கிறது, பிறகு தானே அணைகிறது.

என் மனைவி வெர்னா கோட்டைப் போட்டுக்கொண்டு பியானோ முன்னால் உட்கார்ந்திருந்தாள். கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு அவள்தான் ஆர்கன் வாசிக்க வேண்டும், பயிற்சியை விடமாட்டாள். "டேலுக்கு ஒரு போன் போடு லோர்ன். பத்து நிமிஷத்துல வந்துடுவான்" என்றாள்.

டேல் ஃப்ரீசன்! ஊரில் ஃபர்னஸ் பழுதுபார்க்கிறவன். முப்பத்தொரு வருடம் அறுவடை இயந்திரங்களைப் பிரித்து மாட்டியவன் நான். ஒரு தகரப் பெட்டிக்குள் கேஸ் எரிவதைப் பார்க்க எனக்கு ஆள் வேண்டுமா? அதுவும் அவனா? பள்ளிக்கூட நாட்களில் வெர்னாவை நடனத்துக்கு அழைத்துப்போனவன். இன்றைக்கும் கடையில் பார்த்தால் "எப்படி இருக்கா எங்க வெர்னா?" என்கிறான். எங்க வெர்னாவாம்.

நவம்பர் 7

சின்ன விஷயம். நெருப்பு எரிகிறதா என்று பார்க்கும் கம்பியில் கரி படிந்திருந்தது. தேய்த்து மாட்டினேன். ஓடுகிறது. வெர்னா என் கன்னத்தில் முத்தம் கொடுத்து, "நன்றி, மெக்கானிக் சார்" என்றாள்.

மே மாதம் பட்டறையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு என்னை யாரும் அப்படிக் கூப்பிடவில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

மறுபடி நின்றது. இந்தத் தடவை வேறு. நெருப்பு தன் இடத்தைவிட்டு வெளியே நாக்கை நீட்டினால் எல்லாவற்றையும் நிறுத்திவிடும் குட்டி சுவிட்ச் ஒன்று உண்டு. அது விழுந்திருக்கிறது. அழுத்தினால் ஓடுகிறது. மதியம் விழுந்தது. மாலை மறுபடி.

நவம்பர் 26

இன்று மட்டும் ஆறு முறை. சுவிட்ச்தான் கெட்டிருக்க வேண்டும். புதிதுக்குச் சொல்லி வைத்தேன், வர இரண்டு வாரம் ஆகுமாம். அதுவரை ஒரு துண்டு ஒயரால் சுவிட்சைத் தாண்டி இணைப்புக் கொடுத்துவிட்டேன். இரண்டு வாரம்தானே.

"சரியாச்சா?" என்றாள்.

"ஆச்சு" என்றேன்.

நவம்பர் 30

வெர்னாவுக்குத் தலைவலி, குமட்டல். ஊரெல்லாம் காய்ச்சல் சுற்றுகிறது. எனக்கு ஒன்றுமில்லை, பகலெல்லாம் கராஜில்தான் இருக்கிறேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

ரெஜைனாவிலிருந்து மகள் கொரின் போன் செய்தாள். "அம்மா குரலே சரியில்லப்பா. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ." வெர்னா போனை வாங்கி, "ஒண்ணுமில்லடி. சர்ச்சுக்குப் போனா தலைவலி போயிடுது, வீட்டுக்கு வந்தா வந்துடுது. உங்கப்பாவப் பாத்தாதான் வருதோ என்னமோ" என்றாள். மூன்று பேரும் சிரித்தோம்.

சிரித்தோம்.

டிசம்பர் 5

நச்சுவாயு அலாரம் வாங்க வேண்டும். காலாவதியான பழையதை வசந்தத்திலேயே கழற்றிப்போட்டேன். கடைக்குப் போனேன், மறந்துவிட்டு வந்தேன்.

டிசம்பர் 11

சஸ்கட்டூன் ஆஸ்பத்திரி. வெர்னா கண் திறக்கவில்லை. எழுத முடியவில்லை.

டிசம்பர் 13, வெள்ளி

விழித்துவிட்டாள். என் பெயரைச் சொன்னாள்.

எழுதிவிடுகிறேன். செவ்வாய் மதியம் நான் கராஜில் பக்கத்து வீட்டுக்காரரின் பனி அள்ளும் இயந்திரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன். காற்றுக்காகக் கதவு திறந்திருந்தது. சுவருக்கு அந்தப்பக்கம் பியானோ கேட்டுக்கொண்டே இருந்தது. நின்றதும் தெரிந்தது. கொஞ்சம் ஓய்வெடுக்கிறாள் என்று நினைத்தேன். எவ்வளவு நேரம் அப்படி நினைத்தேன்? அரைமணியா? அதற்கும் மேலா?

உள்ளே போனால் கீழே கிடக்கிறாள். முகம் ரோஜா நிறம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, அதுதான்... அக்குளில் கைகொடுத்து வெளியே பனிக்கு இழுத்துவந்தேன். ஒரு செருப்பு வாசலிலேயே விழுந்துவிட்டது. தீயணைப்புக்காரர்கள் கொண்டுவந்த கருவி கதவருகிலேயே அலற ஆரம்பித்தது. கார்பன் மோனாக்சைடு என்றார்கள்.

கேஸை மூடி ஃபர்னஸைப் பார்க்க அவர்கள் கூப்பிட்டது டேலை. கீழே போனான். வெகுநேரம் கழித்து மேலே வந்தான்.

"உள்ள நெருப்பு எரியற அறையில விரிசல், லோர்ன். சுவிட்ச் கெடல. அது அதோட வேலையத்தான் செஞ்சிருக்கு."

கையை விரித்தான். உள்ளங்கையில் என் ஒயர்த் துண்டு.

திட்டியிருக்கலாம். சட்டையைப் பிடித்திருக்கலாம். "ரிப்போர்ட்ல எழுதித்தான் ஆகணும். வெர்னாகிட்ட நீயே சொல்லிடு" என்று மட்டும் சொன்னான். அவன் கண் கலங்கியிருந்தது.

டிசம்பர் 21

வீட்டுக்கு வந்துவிட்டாள். டேல் புது ஃபர்னஸ் மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். வரும் வழியெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். கிறிஸ்துமஸ் கழியட்டும்.

டிசம்பர் 24

ஒரு பிழையும் இல்லாமல் வாசித்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்து, யாரும் பார்க்காமல் அழுதேன். தப்பித்தோம். நான் தப்பித்தேன் என்று எழுதுவதுதான் சரியோ?

ஜனவரி 9

பியானோவில் ஆரம்பித்து நடுவில் நின்றுவிட்டாள். "இதுக்கு அப்புறம் என்ன வரும்னு தெரியல லோர்ன்." முப்பது வருடமாக வாசிக்கும் பாட்டு. நான்கு முறை முதலிலிருந்து ஆரம்பித்தாள். நான்கு முறையும் அதே இடம். பிறகு மூடியைச் சாத்திவிட்டு, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 14

இந்த வாயு சிலரை விட்டதுபோல் விட்டு, சில வாரம் கழித்துத் திரும்ப வந்து பிடிக்குமாம். கொஞ்சம் தேறலாம் என்கிறார் டாக்டர். எவ்வளவு என்று அவருக்கும் தெரியவில்லை.

ஜனவரி 28, செவ்வாய்

சொல்லிவிட்டேன். சுவிட்ச், ஒயர், எல்லாம். சமையலறை மேசையில் காலை பத்து மணிக்கு.

ஏன் செய்தாய் என்று கேட்கவில்லை. "தினமும் தலை வலிக்குதுன்னு உங்கிட்டதான சொன்னேன்? உனக்கு ஒரு தடவகூடத் தோணலியா?" என்றாள். தோன்றியதா? சத்தியமாகத் தெரியவில்லை. தோன்றியதை நான்தான் தள்ளிவிட்டேனோ. டேலைக் கூப்பிட வேண்டியிருக்குமே என்று.

அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிட வரவில்லை.

ஜனவரி 29

காலையில் காபி கொடுத்தேன். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள். "எனக்கு என்னதான் ஆச்சு லோர்ன்? ஆஸ்பத்திரில ஏன் இருந்தேன்?"

நேற்றைக்குச் சொன்னது எதுவும் நினைவில் இல்லை. போயே போய்விட்டது.

பிப்ரவரி 16

பதினெட்டு நாளாக "கேஸ் கசிஞ்சிடுச்சு" என்று சொல்லிவருகிறேன். தலையாட்டிக்கொள்கிறாள். கொரினும், "அதையே சொல்லுப்பா. ஒவ்வொரு தடவையும் அம்மா புதுசா அடிவாங்கணுமா?" என்கிறாள். டேலின் ரிப்போர்ட்டைப் படித்ததிலிருந்து, ஒரு மாதமாக, அவள் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

எவ்வளவு சுலபமாக வருகிறது அந்த வாக்கியம்! கசிந்துவிட்டதாம், தானாக. இன்று சொன்னபோது நானே கொஞ்சம் நம்பினேன். பயந்துபோனேன்.

பிப்ரவரி 17

கேட்டாள். உண்மையைச் சொன்னேன். அழுதாள்.

மார்ச் 2

கேட்டாள். சொன்னேன். கோப்பையைத் தூக்கி எறிந்தாள்.

மார்ச் 19

கேட்கவில்லை. நாள் முழுக்கக் காத்திருந்தேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்து பின்வாசல் படியில் வெயிலில் உட்கார்ந்திருந்தோம். கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. வெர்னா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள். ஃபர்னஸில் விரிசல், அது தெரியாமல் ஒருத்தன் சுவிட்சைத் தாண்டி ஒயர் போட்டுவிட்டான் என்று ஆரம்பித்தேன். கோழைத்தனம்தான், ஒருத்தன் என்று ஆரம்பித்தது.

"பாவம் அந்த ஆளு" என்றாள். "நெனச்சு நெனச்சு நொந்துபோயிருப்பான்."

அப்படியே விட்டிருக்கலாம். கை சூடாக இருந்தது.

"அந்த ஆளு நான்தான் வெர்னா."

என்னையே பார்த்தாள். பிறகு தன் கையை மெதுவாக உருவி, கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

நாளைக்கு மறந்திருப்பாள். கேட்டால் சொல்வேன்.